ஜோத்பூரா, ஜெய்சல்மேரா, பிகானேரா, ஷேகாவதியா? பாலைவனத்துப் பழைய வீடும் மியூசியமும் பாக்கக் கிளம்பற செட்டிநாட்டுக்காரங்களுக்கு

போன வருஷம் ஜனவரியில குடும்பத்தோட ஜோத்பூர், ஜெய்சல்மேர். இந்த வருஷம் ஜனவரியில நானும் எங்க அக்காவும் மட்டும் பிகானேர், ஷேகாவதி. இப்படி ரெண்டு தவணையா ராஜஸ்தான்ல இருக்கற தார் பாலைவனத்தைப் பாத்துட்டு வந்ததுல இருந்து, படைப்பு வீட்டுல, கல்யாண வீட்டுல, காரைக்குடி ரயிலடியிலன்னு எங்க பாத்தாலும் ஒரே கேள்விதான். "ஆச்சி, ஏழெட்டு நாள்தான் லீவு, நாலு ஊரும் முடியாது, எதுக்குப் போறது?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல அரை மணி நேரம் சொல்றதை இங்க மொத்தமா எழுதிடறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், மணல்மேட்டுல ஒட்டகம் ஏறி போட்டோ எடுக்கறதுதான் உங்க ஆசைன்னா இதைப் படிக்கவே வேண்டாம், நேரா ஜெய்சல்மேர் போங்க, அங்கேருந்து சாம் மணல்மேடு நாப்பது கிலோமீட்டர்தான். நான் எழுதறது மழையே சரியா இல்லாத ஒரு ஊர்ல மனுஷங்க எப்படி வீடு கட்டினாங்க, எப்படித் தண்ணி சேத்து வச்சாங்க, எப்படி யாவாரம் பண்ணிப் பணம் சேத்தாங்கன்னு பாக்க ஆசைப்படறவங்களுக்கு. நம்ம பக்கமும் வானம் பாத்த பூமிதானே, அதனால நமக்கு அங்க புரியற விஷயம் நிறைய இருக்கு.

## எதை வச்சு முடிவு பண்றது

நான் பாத்த கணக்கு நாலு.

ஒண்ணு, ராஜா கதை மட்டும் இருக்கா இல்ல சாதாரண சனங்க கதையும் இருக்கா. வாளும் கேடயமும் எந்தக் கோட்டையில வேணா பாக்கலாம், அந்த ஊர்ப் பொம்பளைங்க எந்தப் பானையில தண்ணி வச்சாங்கன்னு சொல்ற இடம் கொஞ்சம்தான்.

ரெண்டு, படியும் ஏத்தமும். எங்க ஆத்தாவுக்கு எழுபத்திரெண்டு வயசு, ரெண்டு முட்டியும் போச்சு. பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இதுதான் முதல் கேள்வி, மத்ததெல்லாம் அப்புறம்.

மூணு, ஊருக்கு ஊர் போற நேரம். மேப்புல பக்கத்துல தெரியும். ஜோத்பூர்ல இருந்து ஜெய்சல்மேருக்கு அஞ்சு மணி நேரம், பிகானேருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதாவது ஒவ்வொரு ஊர் சேக்கறப்பவும் ஒரு பகல் கார்லயே போயிடும்.

நாலு, டிக்கெட்டுல எழுதாத செலவு. கேமராவுக்குத் தனி, லிஃப்டுக்குத் தனி, கைடுக்குத் தனி, பூட்டின வீட்டைத் திறந்து விடற வாட்ச்மேனுக்குத் தனி. அஞ்சு பேர் போனா இதெல்லாம் சேந்து ஒரு நாள் ரூம் வாடகைக்கு மேல வந்துடுது.

| ஊர் | எதுக்காகப் போகணும் | நடை, படி | எழுதாத செலவு | குறைஞ்சது |
|---|---|---|---|---|
| ஜோத்பூர் | பெரிய கோட்டை மியூசியம், நாட்டார் மியூசியம் | ஏத்தம்தான், ஆனா லிஃப்ட் உண்டு | லிஃப்ட், ஆட்டோ | 3 நாள் |
| ஜெய்சல்மேர் | சனங்க இன்னும் குடியிருக்கற கோட்டை, கல் ஹவேலி (பழைய பணக்காரங்க மாளிகை) | ஏத்தம், குறுகின படி | கார், கைடு, கடைக்காரங்க தொல்லை | 3 நாள் |
| பிகானேர் | சமதரைக் கோட்டை, பழங்காலப் பொருள் | சுலபம், மாடிப்படி மட்டும் | கம்மி | 2 நாள் |
| ஷேகாவதி | ஓவியம் போட்ட யாவாரி வீடுகள் | தெருத்தெருவா நடக்கணும் | எல்லா நாளும் கார், வாட்ச்மேன் | 2 நாள் |

## ஜோத்பூர்

முதல் தடவை போறவங்களுக்கு, பெரியவங்க கூட வர்றவங்களுக்கு, நான் கண்ணை மூடிட்டு சொல்றது இதுதான். 1459ல ராவ் ஜோதா ஆரம்பிச்ச மெஹ்ரான்கட் கோட்டை ஊருக்கு மேல பாறையில நிக்குது, கீழ இருந்து பாத்தா ஆத்தா "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க"ன்னு கார்லயே உக்காந்துட்டாக. உள்ள லிஃப்ட் இருக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனோம். அந்தக் கோட்டை மியூசியம் நல்லா நடத்தறாங்க, பல்லக்கு, யானை அம்பாரி, தொட்டில்னு வரிசையா இருக்கு, ஆடியோ கைடு வாங்கிட்டா தனி கைடே வேண்டாம். ஷாஜகான் குடுத்த வெள்ளி அம்பாரி அங்கதான் இருக்கு. லோஹா போல்ங்கற வாசல்ல உடன்கட்டை ஏறின ராணிகளோட கைப்பதிவு சின்னச் சின்னதா சுவத்துல இருக்கும், ஆத்தா அது முன்னாடி ரொம்ப நேரம் நின்னாக, ஒண்ணும் பேசலை.

ஆனா நான் ஜோத்பூருக்கு முதல் இடம் குடுக்கறது கோட்டைக்காக மட்டும் இல்ல. ஊருக்கு வெளிய மோக்லாவாஸ் பக்கம் அர்ணா ஜர்ணான்னு ஒரு மியூசியம் இருக்கு, நாட்டார் கலை ஆராய்ச்சியாளர் கோமல் கோத்தாரி உருவாக்கினது. அங்க முக்கியமா வச்சிருக்கறது என்ன தெரியுமா? வெளக்கமாறு. ஆமா, வெளக்கமாறுதான். எந்தப் பகுதியில என்ன புல்லு முளைக்குதோ அதுல ஒரு வெளக்கமாறு, வீட்டுக்குள்ள கூட்டறதுக்கு மெல்லிசு, வாசலுக்கும் களத்துக்கும் முரட்டுக் குச்சி. அதை யார் கட்டறாங்க, எந்த மண்ணுல அந்தப் புல்லு வருது, எப்படிப் பிடிக்கறாங்கன்னு ஒரு வெளக்கமாத்தை வச்சே அந்தப் பாலைவனத்தோட மண்ணு, பயிர், சாதி, தொழில் எல்லாம் சொல்லிடறாங்க. எங்க ஆத்தா ஒண்ணைக் கையில எடுத்துப் பாத்துட்டு, "இந்தக் கட்டு நம்ம ஈக்குமாறு கட்டு மாதிரியேதான் இருக்கு, கயிறுதான் வேற"ன்னாக. மூணு நாள் கோட்டை பாத்ததுல வாய் திறக்காதவுக அங்க ஒரு மணி நேரம் பேசினாக. போறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க.

கோட்டைக்கு அடியிலயே ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. அந்தப் பாறை முழுக்க நம்மளை மாதிரியே சீமைக்கருவேலம் பிடிச்சுக் கிடந்துச்சாம். கல்லு உடைக்கற தொழிலாளிங்களை வச்சுப் பாறையைக் குடைஞ்சு வேரோட எடுத்துட்டு, அந்தப் பாலைவனத்துக்கே சொந்தமான செடிங்களை அந்தக் குழியிலயே வச்சு வளத்திருக்காங்க. சிவகங்கை மாவட்டத்துல கண்மாய் கண்மாயா கருவேலம் நிக்கறதைப் பாத்துப் பாத்து மனசு விட்டுப்போனவங்க இதைக் கட்டாயம் பாக்கணும், முடியும்னு கண்ணால தெரியுது.

இன்னொண்ணு, நேரம் இருந்தா கேஜட்லி கிராமம். 1730ல ராஜாவோட ஆளுங்க மரம் வெட்ட வந்தப்ப மரத்தைக் கட்டிப்பிடிச்சு, மரத்தையும் மிருகத்தையும் காப்பாத்தறதையே தங்க மதமா வச்சிருக்கற பிஷ்னோய் சனங்க 363 பேர் உயிரை விட்ட இடம். அந்த மரம் வேற எதுவும் இல்ல, நம்ம கோயில்கள்ல நிக்கற வன்னிமரம்தான். அதோட காயை வத்தல் போட்டு, கேர்ங்கற இன்னொரு காயோட சேத்துத்தான் அங்க கேர் சாங்க்ரின்னு கறி வைக்கறாங்க, சாப்பிட்டுப் பாருங்க, நம்ம வத்தல் பழகின நாக்குக்கு உடனே பிடிச்சுப்போகும்.

குறைன்னு பாத்தா, பழைய ஊருக்குள்ள சந்து ரொம்பக் குறுகல், பைக் ஹாரன் தாங்காது. உமைத் பவன் அரண்மனையில நமக்குத் திறந்து விடற மியூசியம் பகுதி சின்னது, மீதி ஹோட்டல், அதுக்கு ஒரு அரை நாள் ஒதுக்க வேண்டாம். ஆனா அது 1929ல பஞ்ச நிவாரண வேலையா ஆரம்பிச்சுக் கட்டினதுங்கறதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தா அந்தக் கல்லு வேற மாதிரி தெரியும்.

## ஜெய்சல்மேர்

அழகுன்னு பாத்தா இதுதான் முதல். 1156ல ராவல் ஜெய்சல் கட்டின கோட்டை, மஞ்சக் கல்லு, சாயங்கால வெயில்ல பாத்தா நெல்லு குவிச்ச மாதிரி இருக்கு. 2013ல ராஜஸ்தான் மலைக்கோட்டைகள்னு ஆறு கோட்டையைச் சேத்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சப்ப இதுவும் அதுல ஒண்ணு. உள்ள சனங்க இன்னும் குடியிருக்காங்க, கோயில் இருக்கு, கடை இருக்கு, துணி காயப் போட்டிருக்காங்க.

யாவாரி வீடு பாக்கறவங்களுக்கு பட்வோன் கி ஹவேலி, அஞ்சு வீடு சேந்தாப்புல, அதுல ஒண்ணு மியூசியம். ஆனா எனக்கு மனசுல நின்னது நத்மல் ஹவேலி. அண்ணன் தம்பி ரெண்டு பேர், ஒருத்தர் இடது பக்கம், ஒருத்தர் வலது பக்கம்னு செதுக்கினதாச் சொல்றாங்க. தூரத்துல பாத்தா ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரி இருக்கும், கிட்டப் போய் ஜன்னல் ஜன்னலாப் பாத்தா எதுவுமே ஒண்ணு இல்ல. எங்க பையன் தெருவுல நின்னுக்கிட்டு இங்கேயும் அங்கேயும் வித்தியாசம் எண்ணிக்கிட்டே இருந்தான், கூப்பிட்டாலும் வரலை.

தண்ணி விஷயத்துக்கு கடிசர் ஏரி. மழைத்தண்ணியைச் சேத்து ஊரே குடிச்சது, நம்ம ஊருணி மாதிரிதான், படித்துறை, மண்டபம் எல்லாம் உண்டு. அது பக்கத்துலயே உள்ளூர் வாத்தியார் ஒருத்தர் வாழ்நாள் முழுக்கச் சேத்த பொருளை வச்சு நடக்கற நாட்டார் மியூசியமும், பாலைவனப் பண்பாட்டு மையமும் இருக்கு. சின்ன இடம்தான், தூசியும் இருக்கும், அதுக்காகத் தாண்டிப் போயிடாதீங்க, ராத்திரி பொம்மலாட்டம் பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். குல்தரான்னு பாலிவால் பிராமணர்கள் விட்டுட்டுப் போன கிராமம் 18 கிலோமீட்டர்ல. எல்லா டிரைவரும் பேய்க்கதை சொல்லித்தான் கூட்டிட்டுப் போவாங்க, அதைக் கேக்காதீங்க. அந்த சனங்கதான் காதீன்னு, பாறைச் சரிவுல ஓடற மழைத்தண்ணியைக் கரை போட்டு நிறுத்தி அந்த ஈரத்துல கோதுமை விளைய வச்சவங்க. கண்மாய்ப் பாசனம் தெரிஞ்ச நமக்கு அந்தக் கரையைப் பாத்தவுடனே விளங்கிடும், அது பேயை விடப் பெரிய விஷயம்.

இப்ப ஒரு வேண்டுகோள். கோட்டைக்குள்ள ரூம் எடுக்காதீங்க. ஒரு காலத்துல குடத்துல தூக்கிட்டு வந்து சிக்கனமா செலவு பண்ணின தண்ணி, இப்ப பைப்பு, பாத்ரூம், ஹோட்டல்னு ஆகி, அத்தனையும் அடியில இறங்கி, கோட்டை நிக்கற மலையே ஊறிப்போகுது. கொத்தளம் இடிஞ்சு விழுந்திருக்கு. ஜன்னலைத் திறந்தா பாலைவனம் தெரியும்னு ஆசை காட்டுவாங்க, எங்களுக்கும் காட்டினாங்க. கீழ ஊருக்குள்ள எடுத்துத் தங்கினோம், அங்கேருந்து கோட்டை முழுசாத் தெரியும், உள்ள இருந்தா கோட்டை தெரியாதே.

எழுதாத செலவு இங்கதான் அதிகம். எல்லா இடத்துக்கும் கார் வேணும். எங்களைக் கூட்டிட்டுப் போன ஒரு டிரைவர் மியூசியம்னு சொல்லி ஒரு போர்வைக் கடையில இறக்கி விட்டார், டீ குடுத்து ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சுட்டாங்க, அன்னைக்கு லோதுர்வா சமணக் கோயில் பாக்க முடியாமலே போச்சு. அதுல இருந்து காலையிலயே "கடை வேண்டாம்"னு சொல்லிட்டுத்தான் ஏறுவோம். முட்டி வலி இருக்கறவங்களுக்கு இந்த ஊர் கஷ்டம், ஹவேலி படி ஒவ்வொண்ணும் முழங்கால் உயரம், ஆத்தா ரெண்டு நாள் ரூம்லயே இருந்துட்டாக.

## பிகானேர்

பிகானேரை சுருக்கமாச் சொல்லிடலாம், ஏன்னா இதை யாருக்கு சொல்றதுன்னு எனக்குத் தெளிவாத் தெரியும். கீழடி மியூசியத்துக்குப் போயிட்டு அந்தப் பானை ஓட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம் நின்னவங்களுக்கு. இங்க கங்கா அரசு மியூசியத்துல காளிபங்கன் பொருள் இருக்கு, ஹரப்பா காலத்து ஊர், உலகத்துலயே ரொம்பப் பழைய உழுத வயல் தடம் கிடைச்ச இடங்கள்ல ஒண்ணு. பல்லுங்கற ஊர்ல கிடைச்ச சமண சரஸ்வதி சிலையும் இங்க இருக்கு, அதோட ஜோடி டில்லி தேசிய மியூசியத்துல. அந்தப் பளிங்குல விரல் நகம் வரைக்கும் தெரியுது. காளிபங்கன்லயே தனி மியூசியம் இருக்கு, ஆனா அது ஹனுமான்கட் மாவட்டத்துல, போய்ட்டு வர ஒரு முழு நாள் வேணும்.

ஜூனாகட் கோட்டை சமதரையில நிக்குது, 1589ல இருந்து 1594க்குள்ள கட்டினது, மலை ஏற வேண்டாம். உள்ள பாதல் மகால்னு ஒரு அறை. சுவர் முழுக்க நீல மேகம், அதுக்குக் கீழ மழை கோடு கோடா, நடுவுல மின்னல். மழையே பாக்காத ஊர்ல ஒரு ராஜா சுவத்துல மழையை வரைஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ஐப்பசி போயும் மழை வராம ஊருணி வெடிச்சுக் கிடந்த வருஷம் ஒண்ணு எனக்கு அங்க ஞாபகம் வந்துச்சு, அக்காவுக்கும்தான்.

கூட்டம் கம்மி, விலை கம்மி, தொல்லை கம்மி. மதுரையில இருந்து பிகானேருக்கு வாரம் ஒரு ரயில், அனுவ்ரத் எக்ஸ்பிரஸ், நேரா இருக்கறதும் ஒரு வசதி. ஆனா இது ஒண்ணுக்காக மட்டும் இவ்வளவு தூரம் போகாதீங்க, ஷேகாவதியோட சேத்துப் போங்க.

## ஷேகாவதி

இதை எழுதறதுக்குத்தான் உக்காந்தேன்னே சொல்லலாம்.

ஜுன்ஜுனு, சீகர், சூரு மாவட்டங்கள் சேந்த பகுதி. முழுப் பாலைவனம்னு நினைச்சுப் போகாதீங்க, பாலைவனத்தோட விளிம்பு, முள்ளுக்காடும் மணலும் வயலுமா இருக்கும். பிர்லா, பஜாஜ், கோயங்கா, போத்தார்னு நம்ம கேள்விப்பட்ட மார்வாடி குடும்பங்களோட சொந்த ஊரெல்லாம் இங்கதான். கல்கத்தா, பம்பாய்னு போய் சம்பாதிச்சு, பணத்தை ஊருக்கு அனுப்பி, சொந்த ஊர்ல பெரிய வீடு கட்டினாங்க. அப்புறம் பிள்ளைங்க எல்லாம் நகரத்துலயே தங்கிட்டாங்க, வீடு பூட்டிக் கிடக்கு, ஒரு வாட்ச்மேன் மட்டும் இருக்கார். கல்கத்தா இருக்கற இடத்துல ரங்கூன், பினாங்கு, கொழும்புன்னு போட்டுக்கோங்க, கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் கண்ணு முன்னாடி வரும்.

நவல்கட்ல போத்தார் ஹவேலி மியூசியம், 1902ல கட்டின வீடு, நல்லாப் பராமரிக்கறாங்க, அங்கதான் ஆரம்பிக்கணும். வாசல் தாண்டினா ஒரு முற்றம், அதை ஒட்டி ஆம்பளைங்க கணக்கு வழக்கு பாக்கற திண்டு போட்ட அறை, அதுக்கு உள்ள இன்னொரு முற்றம், பொம்பளைங்க புழங்கற இடம். நம்ம முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாம் கட்டுதான், பேருதான் வேற. அக்கா யாரும் வழி சொல்லாமலே அடுப்படி எங்க இருக்கும்னு சரியா நடந்து போயிட்டா.

வித்தியாசம் சுவத்துல இருக்கு. நம்ம ஆளுங்க முட்டை வெள்ளைக்கரு போட்டு சுண்ணாம்பை இழைச்சுக் கண்ணாடி மாதிரி வெறுமனே விட்டாங்க, பர்மா தேக்குலயும் ஆத்தங்குடிக் கல்லுலயும் பணத்தைப் போட்டாங்க. அவங்களுக்கு மரம் ஏது? அதனால சுண்ணாம்பு ஈரமா இருக்கும்போதே மேல ஓவியம் வரைஞ்சு, வழவழன்னு கல்லால தேச்சு விட்டாங்க. வீட்டுக்குள்ள மட்டும் இல்ல, தெருப்பக்கம் முழுக்க. கிருஷ்ணன் கதை இருக்கற அதே சுவத்துல ரயிலு, மோட்டார் கார், கிராமபோன் கேக்கற வெள்ளைக்காரம்மா. ரயிலையே பாக்காத ஆள் கேள்வி ஞானத்துல வரைஞ்ச ரயில் சிலது, பெட்டி பெட்டியா வீடு மாதிரி இருக்கும், ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு தலை. காவி மாதிரி மங்கலான மண் நிறம் பழைய இயற்கைச் சாயம், பளபளன்னு சிவப்பும் நீலமும் இருந்தா பெரும்பாலும் அது பின்னாடி வெளிநாட்டுல இருந்து வந்த ரசாயனச் சாயம். இது ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டாலே எந்தச் சுவர் பழசுன்னு ஓரளவு நீங்களே சொல்லலாம்.

ஃபத்தேபூர்ல ஒரு பிரெஞ்சு ஓவியர் 1998ல வாங்கி சரி பண்ணின நதீன் லெ பிரின்ஸ் ஹவேலி இருக்கு, அதைப் பாத்துட்டு அடுத்த தெருவுல பூட்டிக் கிடக்கறதையும் பாருங்க, பராமரிப்புன்னா என்னன்னு புரியும். மஹான்சர்ல சோனே சாந்தி கி துகான்னு தங்க வேலைப்பாடு பண்ணின ஒரு அறை. சாவி வச்சிருக்கறவரைத் தேடிக் கண்டுபிடிக்கணும், பொறுமையா இருங்க.

மண்டாவாவுல ஒரு வீட்டு வாட்ச்மேன், வயசானவர், எங்க ரெண்டு பேரையும் முற்றத்துல உக்கார வச்சுத் தண்ணி குடுத்தார். அக்கா தனக்குத் தெரிஞ்ச இந்தியில எங்க ஊர்லயும் இப்படித்தான் வீடு, இப்படித்தான் பூட்டிக் கிடக்குன்னு சொன்னா. அவர் "முதலாளி வருஷத்துக்கு எத்தனை தடவை வருவாங்க?"ன்னு கேட்டார். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்னு சொன்னோம். "இங்க அதுவும் இல்ல"ன்னுட்டு எழுந்து போய் இன்னொரு அறையையும் திறந்து விட்டார். அந்த அறையில நிலைக்கதவு இல்ல, சுவர் மட்டும் வாய் பிளந்து நின்னுச்சு. கதவு வித்தாச்சு. நம்ம முனீஸ்வரன் கோயில் தெருவுல குவிஞ்சு கிடக்கற தூணும் நிலையும் எங்கேருந்து வருதோ அதே மாதிரிதான். அங்கேயும் கடைக்காரங்க பழைய கதவு, ஜன்னல் வேணுமான்னு கேப்பாங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க, ஒரு கதவு இங்க வந்தா அங்க ஒரு வீடு மழைக்குத் திறந்து கிடக்கும்.

எழுதாத செலவுன்னா, கார் எல்லா நாளும் கையோட வேணும், ஊருக்கு ஊர் பஸ் இருக்கு ஆனா நேரம் ஒத்து வராது. ஜெய்ப்பூர்ல இருந்து மூணு நாலு மணி நேரம். ஒவ்வொரு ஹவேலியிலயும் தனித்தனியா காசு, சில்லறை நோட்டா நிறைய வச்சுக்கோங்க. இந்தி தெரிஞ்ச ஒருத்தர் கூட இருந்தா நல்லது. சின்னப் பிள்ளைங்களுக்கு இங்க ஒரு நாளுக்கு மேல பொறுமை இருக்காது, உண்மையச் சொல்லணும்ல.

## யாருக்கு எது

பெரியவங்க, பிள்ளைங்க எல்லாரும் சேந்து முதல் தடவைன்னா ஜோத்பூர்ல நாலு நாள் உக்காந்துடுங்க. முட்டி நல்லா இருந்தா மட்டும் ஜெய்சல்மேர் மூணு நாள் சேருங்க. மன்னார்குடியில இருந்து ஜோத்பூர் பகத் கி கோத்தி ஸ்டேஷனுக்கு வாராந்திர ரயில் இருக்கு, ரெண்டு நாளுக்கு மேல ஆகும், கட்டுச்சோறும் இட்லிப் பொடியும் இருந்தா அதுவும் ஒரு சுகம். நேரம் இல்லாதவங்க மதுரையிலயோ திருச்சியிலயோ விமானம் பிடிச்சு மாறிப் போகணும்.

காலேஜ் படிக்கற பிள்ளைங்க, படம் பிடிக்கறவங்க, கட்டடக்கலை ஆர்வம் உள்ளவங்களுக்கு ஜெய்சல்மேர். தொல்லியல் பைத்தியம்னா பிகானேர். பழைய வீட்டைப் பங்காளிங்க சேந்து என்ன பண்றதுன்னு தெரியாம வச்சிருக்கற குடும்பம் நம்ம பக்கம் எத்தனையோ இருக்கு, அவங்கள்ல ரெண்டு பேராவது ஷேகாவதி போகணும். மியூசியமாக்கினது, ஹோட்டலாக்கினது, ஸ்கூலுக்குக் குடுத்தது, அப்படியே விட்டு இடிஞ்சதுன்னு எல்லா முடிவும் ஒரே தெருவுல வரிசையா நிக்குது. பாத்துட்டு வந்து பேசினா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

எந்த ஊரா இருந்தாலும் நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, மே மாசம் நினைச்சுக்கூடப் பாக்காதீங்க. ஜனவரி ராத்திரி குளிர் நம்ம உடம்புக்குப் புதுசு, ஸ்வெட்டர் ஒண்ணு பத்தாது, பெரியவங்களுக்குக் காலுறை ரெண்டு ஜோடி கூட எடுங்க. ரயில் டிக்கெட்டு ரெண்டு மாசம் முன்னாடியே போட்டுடணும்.

நாங்க எடுத்துட்டு வந்த சுவர் படத்தை எல்லாம் பாத்துட்டு ஆத்தா தானும் ஷேகாவதிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காக. நவல்கட்ல தரைத்தளத்துல ரூம் இருக்கற இடமா நாலு பேர்கிட்ட விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்.